பொறுப்பாளர்: ஜெயசீலன்

ஆம்பூர் ஷூ கம்பெனியின் கம்ப்யூட்டர் பிரிவுக்கு நிஷா புதிது. கம்ப்யூட்டரில் ஒரு கட்டளையைத் தட்டினால் போதும், ஷெட்டுகளில் கம்ப்யூட்டர்களை இணைக்கும் முப்பத்தெட்டு நெட்வொர்க் ஸ்விட்சுகளும் தங்கள் பெயர், இருக்கும் இடம், பொறுப்பாளர் யார் என்று வரிசையாகச் சொல்லிவிடும். முப்பத்தெட்டும் ஒரே ஆளைத்தான் சொல்லின: அவளுக்கு முன் அந்த வேலையில் இருந்த ஜெயசீலன். கூடவே ஒரு செல் நம்பர்.

அந்தப் பெயரை எடுத்துவிட்டுத் தன் பெயரைப் போட பாஸ்வேர்டு வேண்டும். போன் செய்தாள். அவர் மனைவிதான் எடுத்தாள்.

"கடைக்குப் போயிருக்காரும்மா. நாளைக்குப் பண்ணு."

மறுநாள், "குளிக்கிறாரு."

அதற்கு மறுநாள், "இப்பதான் படுத்தாரு, பாவம். நாளைக்குக் கண்டிப்பா பண்ணும்மா."

நான்காம் நாள் பொறுமையிழந்த நிஷா மேனேஜர் சுந்தரமூர்த்தியிடம் போய் நின்றாள்.

"இன்னா மனுசன் சார் அந்த ஜெயசீலன்? வேலைய விட்டுப் போய்ட்டா ஒரு பாஸ்வேர்டு சொல்லக்கூடாதா? வீட்ல இருந்துகிட்டே சம்சாரத்தை விட்டுப் பொய் சொல்றாரு."

சுந்தரமூர்த்தி கண்ணாடியைக் கழற்றினார்.

"அவனுக்கா போன் பண்ண? பாஸ்வேர்டு என்கிட்டயே இருக்கேம்மா. அவன் மாரடைப்புல தவறி ஏழு மாசம் ஆவுது."

நிஷாவின் கையிலிருந்த போன் அடித்தது. அதே நம்பர்.

"மணி பன்னெண்டாவுது, இன்னிக்கு இன்னும் அவரைக் கேட்டு நீ போன் பண்ணலியேம்மா?"

நிஷா மேனேஜரின் மேசையை விட்டு ஜன்னலோரம் தள்ளிப் போனாள்.

"பண்ணலாம்னுதான் போனை எடுத்தேன்க்கா. சார் இருக்காரா?"