கத்தரிப்பூ நிறம்

வெள்ளைப் பீங்கான் தட்டின் குழியில் ஒரு சிட்டிகைப் பழுப்புப் பொடியைப் போட்டேன். அமிலக் கலவையை ஒரு சொட்டு விட வேண்டியதுதான் பாக்கி.

கத்தரிப்பூ நிறம் வந்தால் அது பிரவுன் சுகர் என்கிற போதைப்பொடி. சுரேந்தர் உள்ளேதான்.

சுரேந்தரை நான் பார்த்ததில்லை. காங்கேயத்து எண்ணெய் மில்லில் வேலை பார்க்கிற பையன். அவன் சட்டைப் பையில் இந்தப் பொட்டலம் இருந்ததாம்.

நான் பார்த்தது அவன் அம்மா பழனாத்தாளை. சீல் வைத்த உறையோடு போலீஸ்காரர் ஏறிய பஸ்ஸிலேயே அவரும் ஏறி, கோயமுத்தூர் வந்துவிட்டார். எங்கள் ஆய்வுக்கூட வராந்தாவில் கும்பிட்ட கையை இறக்காமல் உட்கார்ந்திருந்தார். பார்க்கப் பொறுக்காமல், எங்கள் அதிகாரி அன்றைக்கே சோதனைக்கு எடுக்கச் சொல்லிவிட்டார்.

ஆளைப் பார்த்துவிட்டுச் சோதனை செய்வது போலத் தொல்லை வேறில்லை. முகம் தெரியாத பொட்டலம் என்றால் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே முடித்துவிடுவேன்.

‘மாறிவிடாதே’ என்று, வேதியியல் படித்தவள், ஒரு சொட்டு அமிலத்திடம் கெஞ்சினேன்.

விட்டேன்.

ஊதா கசிந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அசல் கத்தரிப்பூவாக நின்றது. பொடி போடாத பக்கத்துக் குழியில் அதே கலவை தண்ணீர் மாதிரி கிடந்தது.

மனசு கேட்காமல் இன்னொரு தட்டு எடுத்தேன். அதிலும் கத்தரிப்பூ. மற்ற சோதனைகளும் அதையேதான் சொல்லின.

முடிவு நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். யாரிடமும் வாய் திறக்கக் கூடாது. என் மூஞ்சிக்கு அந்த விதி தெரியவில்லை போலிருக்கிறது. வராந்தாவுக்கு வந்ததுமே பழனாத்தாள் கண்டுபிடித்துவிட்டார்.

கதறப்போகிறார் என்று நினைத்தேன். என் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

“நீங்க நல்லா இருக்கோணும் அம்மணி. உள்ள இருந்தா எம்பையன் உசுரோட இருப்பானுங்க.”

அவருக்குச் சரியாகப் புரியவில்லை என்று பயந்துபோனேன். மெல்ல விளக்கப் பார்த்தேன். அவர் தலையை அசைத்து என்னை நிறுத்தினார். அழுகையும் நிம்மதியும் ஒன்றாக வந்த முகம் அது.

“வயித்துவலி மருந்துன்னு என் தலைல அடிச்சுச் சத்தியம் பண்ணுனானுங்க. கோயில்ல சாமிகிட்டப் பூவாக்குக் கேட்டு, போய்ச் சொல்லுன்னு வெள்ளப்பூ வந்த பொறகு நான்தானுங்க ஸ்டேசனுக்குப் போயிச் சொன்னேன். இது நெசமாலுமே மருந்தா இருந்திருந்தா, எம்பையன் மூஞ்சில எப்புடிங்க முழிப்பேன்?”