பச்சை மூடிக் குழாய்

"அந்தப் பரிசோதனைக்கூடத்த சும்மா விடமாட்டேன், எப்பே" என்றாள் பவுக்யா என்னிடம்.

சமையலறை மேசையில் புகார்க் காகிதத்தை விரித்து வைத்திருந்தாள். எனக்குக் காபியும், வழக்கம்போல ஒரே ஒரு பிஸ்கட்டும்.

அடுத்த அறையில் அவள் கணவன் ஹில்கே படுத்திருந்தான். மாடிப்படி ஏற முடியாததால் கட்டிலைக் கீழே இறக்கிவிட்டார்கள். குடலில் புற்று. ஈரல்வரை போய்விட்டது. கிறிஸ்துமஸைத் தாண்டமாட்டான் என்று டாக்டர் சொல்லியாகிவிட்டது.

அவனும் நானும் பக்கத்துப் பக்கத்துப் பண்ணைக்காரர்கள். டச்சு நாட்டின் இந்த ஃப்ரீஸ்லாந்துச் சேற்றில் நாற்பது வருஷமாகச் சேர்ந்தே உழல்கிறோம். அவனுக்கு நூற்றிப் பத்து கறவைகள். ஒரு பசு லேசாக நொண்டினால் போதும், அரை மணியில் மாட்டு டாக்டர் வந்து நிற்பார். தனக்கென்று டாக்டரைப் பார்க்க மட்டும் அவனுக்கு நேரம் இருந்ததே இல்லை.

ஐம்பத்தைந்து தாண்டினால் எங்கள் நாட்டில் எல்லோருக்கும் குடல் புற்றுச் சோதனைக்குத் தபாலில் ஒரு குழாய் வரும். குச்சியை மலத்தில் குத்தி, குழாய்க்குள் சொருகி, பச்சை மூடியைத் திருகி அனுப்பினால், ரத்தம் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வார்கள். ஐந்து நிமிஷ வேலை. தபால்தலைகூட ஒட்ட வேண்டாம்.

போன வருஷம் ஹில்கேவுக்கு வந்த குழாய், ஜன்னலோரம் பூந்தொட்டிக்குப் பக்கத்தில் மூன்று வாரம் கிடந்தது. கன்று போடுகிற சமயம் என்றான். பிறகு உரம் போட வேண்டும் என்றான். அதற்குள் முதல் புல்லறுப்பு நெருங்கிவிட்டது. பவுக்யா கெஞ்சிப் பார்த்தாள், கத்திப் பார்த்தாள். ஒருநாள் காலையில் ரொட்டிக்குப் பதிலாக அந்தக் குழாயைத் தட்டில் வைத்துவிட்டாள்.

அன்று சாயங்காலமே உறை ஒட்டியாகிவிட்டது. வீட்டுக்குப் போகிற வழியில் நான்தான் தபால் பெட்டியில் போட்டேன்.

பத்து நாளில் பதில் வந்தது. ரத்தம் இல்லை, கவலைப்பட ஒன்றுமில்லை என்று. பவுக்யா அன்று கேக் வாங்கினாள். எனக்கும் ஒரு துண்டு கொடுத்தாள்.

"அந்தக் கடுதாசிய நம்பித்தானே நான் வாய மூடிக்கிட்டேன்" என்றாள் இப்போது. "அவர் இளைக்க இளைக்க, வேலை ஜாஸ்தின்னு நெனச்சேன்."

உள்ளேயிருந்து ஹில்கேவின் குரல் வந்தது. "விட்டுடு பவுக்யா. அவங்க மேல தப்பில்ல."

"இவர் இப்படித்தான். சாகும்போதும் ஊரான் பக்கம்தான் பேசுவார்." அந்த வார்த்தை வாயிலிருந்து வந்ததும் அவளே நிறுத்திக்கொண்டாள். பிறகு காகிதத்தை என் பக்கம் தள்ளினாள்.

'இந்தக் குழாய் இருந்த உறையை மே ஆறாம் தேதி நான் தபாலில் சேர்த்தேன்' என்று எழுதியிருந்தது. கீழே சாட்சிக் கையெழுத்துக்கு இடம்.

"அங்க எவனோ குழாய மாத்திட்டான் எப்பே. நல்லா இருக்குற யாரோடதையோ பார்த்துட்டு இவருக்கு எழுதிட்டாங்க. அந்த ஆளு இப்ப எங்கேயோ உக்காந்து நிம்மதியா காபி குடிச்சிட்டிருப்பான்."

கோப்பையைக் கீழே வைத்தேன்.

திறந்திருந்த கதவு வழியாக ஹில்கே என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். காகிதத்தில் இருந்ததில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. கையெழுத்துப் போட்டேன்.

"ரத்தமாத்தான் போகுதுடா எப்பே. தெரிஞ்சா ஆஸ்பத்திரியில படுக்கப் போட்டுருவாங்க. புல்லறுப்பு முடியட்டும், நானே போறேன்" என்று அன்று மாட்டுக் கொட்டகையில் அவன் நீட்டிய பச்சை மூடிக் குழாயில், சிநேகிதனுக்கு ஓர் ஒத்தாசை என்று நினைத்து என்னுடையதை வைத்துக் கொடுத்தவன் நான்.