அஞ்சாம் நம்பர் அட்டை

“மருமகளாச்சேன்னு பார்க்காதீங்க டாக்டர். ஒரு வருஷம் தடை போடுங்க!”

தலைவர் மேஜையில் ஓங்கித் தட்டினார். துப்பாக்கி சுடும் சங்கத்தின் அந்தத் துக்கடா ஆபீஸ் அறையே ஆடிப்போனது. செயலாளரான பல் டாக்டர் தன் டீ கிளாஸைப் பத்திரமாகக் கையில் எடுத்துக்கொண்டார்.

எதிரே தலைவரின் மருமகள், தலையைக் குனிந்தபடி.

விஷயம் இதுதான். சங்கத்தில் வருஷத்துக்கு ஒரு தடவை தரம் பிரிப்பார்கள். ஆளுக்கு ஓர் இலக்கு அட்டை, பத்து குண்டு. நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் எடுத்தால் ‘ஏ’ பிரிவு, எழுபத்தைந்துக்கு மேல் ‘பி’, மற்றவர்கள் ‘சி’. ஒவ்வொரு பிரிவுக்கும் தனிக் கோப்பை.

சில சூரப்புலிகள் தரம் பிரிக்கும் அன்று வேண்டுமென்றே கோட்டை விட்டு, ‘சி’யில் புகுந்து, கற்றுக்குட்டிகளின் கோப்பையை அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். அப்படிச் செய்தால் ஒரு வருஷம் தடை என்று விதி எழுதிய புண்ணியவான் நம் தலைவர்தான்.

“போன ஞாயித்துக்கிழமை இவ எடுத்தது அம்பத்தெட்டு. ‘சி’! இன்னைக்குக் காலையில பயிற்சியில தொண்ணூத்தேழு! நானே கூட நின்னு எண்ணினேன்.”

“நான்தான் ‘சி’ போட்டிக்குப் பேரே கொடுக்கலையே, மாமா?”

“நாளைக்குக் கொடுப்பே!”

“தலைவரே, அடுத்த மாசம் பெரிய போட்டி வருது” என்று டாக்டர் இழுத்தார். “மூணு வருஷமா உங்க மருமக அதுக்குத்தான் உழைக்கிறாங்க. தடை போட்டா அதுவும் போச்சு.”

மருமகளுக்குக் கண் கலங்கிவிட்டது.

“நியாயம்னா எல்லாருக்கும் ஒண்ணுதான். என்னைப் பாருங்க. அதே நாள், இவளுக்குப் பக்கத்துல, நாலாம் நம்பர்ல நின்னேன். இந்த வயசுல, கண்ணாடி போடாம, தொண்ணூத்தாறு!”

டாக்டர் அலமாரியைத் திறந்து மருமகளின் ஐந்தாம் நம்பர் அட்டையை எடுத்தார். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். அவர் உதடு துடித்தது, சிரிப்பை அடக்குவது போல.

“ஓட்டை பார்க்கிறது என் தொழில், தலைவரே. எல்லாரும் சுடற தட்டை மூக்குக் குண்டு அட்டையை வட்டமா வெட்டும். இதுல பத்து ஓட்டையும் கிழிஞ்சு கிடக்கு. இது கூர் மூக்குக் குண்டு.”

“பார்த்தீங்களா! குண்டை மாத்தியும் தில்லுமுல்லு பண்ணியிருக்கா!”

“நம்ம சங்கத்துல கூர் மூக்குக் குண்டு வாங்கறது ஒரே ஒருத்தர்தான், தலைவரே.”

தலைவர் அட்டையைப் பிடுங்கினார். கையை நீட்டிப் பார்த்தார். மூக்கருகே வைத்துப் பார்த்தார். கடைசியில் டாக்டரின் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் தானே மாட்டிக்கொண்டு பார்த்தார்.

“பக்கத்து அட்டையிலயா சுட்டேன்? பத்தும்?”

“முதல் குண்டே என் அட்டையில விழுந்துச்சு, மாமா” என்றாள் மருமகள் மெதுவாக. “அத்தனை பேர் முன்னாடி எப்படிச் சொல்றது? அதான் என் குண்டையெல்லாம் உங்க அட்டையில போட்டுட்டேன்.”



முதலில் டாக்டர்தான் வெடித்துச் சிரித்தார். பிறகு மருமகள், அழுகையும் சிரிப்புமாக. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்ததில் தலைவருக்கு நாற்காலியே வழுக்கிவிட்டது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரே அறிவிப்புப் பலகைக்குப் போனார். ‘ஏ’ பிரிவில் தன் பேரை அடித்துவிட்டு மருமகள் பேரை எழுதினார். ‘சி’யில் அவள் பேரை அடித்துவிட்டுத் தன் பேரை எழுதினார்.

சட்டென்று விதி ஞாபகம் வந்து, பதறிப்போய்த் திரும்பினார்.

“டாக்டர், சத்தியமா நான் வேணும்னே கோட்டை விடலை. அந்த அம்பத்தெட்டுதான் என் முழுத் திறமை!”