போட்டும், சவம்

“சவம், இதுக்குப் பேரு மலையாம்!”

பரங்கிமலை அடிவாரத்தில் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு ஜெபமணி வாத்தியார் முணுமுணுத்தார்.

தாடகை மலையைப் பார்த்துக்கொண்டே பல் தேய்த்து வளர்ந்த பூதப்பாண்டிக்காரருக்கு இது வெறும் பொத்தை, சின்னக் குன்று. ஊரில் ஆடு மேய்க்கிறவன்கூட இதைத் திரும்பிப் பார்க்கமாட்டான். இதற்குப் போய்ப் பட்டணமே கும்பிடு போடுகிறதாம்.

நாஞ்சில்நாட்டில் சவம் என்ற சொல்லுக்குப் பிணம் என்று அர்த்தம் பார்த்தால் ஒருத்தரும் வாய் திறக்க முடியாது. பஸ் வராவிட்டால் சவம். வந்து கூட்டமாக இருந்தால் அதுவும் சவம்.

எழும்பூரில் ரயிலை விட்டு இறங்கியதிலிருந்தே அவருக்கு எதுவும் பிடிக்கவில்லை. மீன்குழம்பில் தேங்காய் இல்லை. அதையும் உட்கார்ந்து தின்கிறான்கள், ரோஷம் கெட்டவன்கள்!

படியேறுகிற ஜனத்தைப் பார்க்கப் பார்க்க இன்னும் எரிந்தது. ஒருத்தி முழங்காலால் ஏறுகிறாள். ஒருத்தன் கையில் தன் உயரத்துக்கு மெழுகுதிரி. மேலே கல்லில் வெட்டின குருசு ஒன்று இருக்கிறதாம், அதற்கு முத்தமாம். லண்டன் மிஷன் சபையில் பிறந்து, வேதப் புத்தகத்தைத் தவிர வேறெதையும் தொட்டுக் கண்ணில் ஒற்றாத மனுஷனுக்கு இது அடுக்குமா?

முன்னால் தங்கச்சி சத்தியபாய் ஏறிக்கொண்டிருந்தாள், கல்யாணப் புடவையில்.

தாய் தகப்பன் இல்லாத பிள்ளை. அவர்தான் வளர்த்தார், அவர்தான் நர்ஸ் படிப்புக்குப் பட்டணம் அனுப்பினார். அவள் ரோமான் கத்தோலிக்க சபைக்காரனான கம்பவுண்டர் இஞ்ஞாசியைக் கட்டுவேன் என்று நின்றுவிட்டாள். இந்த மலைக்கோயிலில் தாலி கட்டுவதாக இஞ்ஞாசியின் அம்மாவுக்கு வேண்டுதல். ஆனால் அந்த அம்மாளுக்கு ஒன்றில் மட்டும் பிடிவாதம். தகப்பன் இடத்தில் இருக்கும் அண்ணன் வாயால் சம்மதம் சொல்லாமல் கல்யாணம் இல்லை.

முடியாது என்று சொல்லத்தான் வாத்தியார் வந்திருந்தார். மேலே போய், அத்தனை பேர் முன்னால், முகத்தில் அடித்தாற்போல்.

அடிவாரத்தில் பூக்காரியிடம் தங்கச்சி பட்டணத்துப் பாஷையில் “இன்னாம்மா, எவ்ளோ?” என்று கேட்டபோது அவருக்குக் காறித் துப்ப வேண்டும் போலிருந்தது.

உச்சிக்கு வந்தபோது மூச்சு இரைத்தது. கோயில் வாசலில் இஞ்ஞாசியும், எரிகிற மெழுகுதிரியோடு அவன் அம்மாவும் காத்திருந்தார்கள். அவர் சொல்லப்போகிற வார்த்தைக்காக இரண்டு பேரும் அவர் வாயையே பார்த்தார்கள்.

“அண்ணே, கொஞ்சம் வெள்ளம் குடிக்கியளா?” என்று சத்தியபாய் செம்பை நீட்டினாள்.

தண்ணி என்று சொல்லவில்லை. வெள்ளம் என்றாள். பட்டணத்தில் வெள்ளம் என்றால் ஊரை அடித்துக்கொண்டு போவது. ஊரில் அது செம்பில் தருவது.

வாங்கிக் குடித்தார். தொண்டை நனைந்தது. முடியாது என்கிற வார்த்தை மட்டும் வரமாட்டேன் என்றது. தங்கச்சியைப் பார்த்தார், பாழாய்ப்போன பாசம்.

“போட்டும், சவம்” என்றார்.

பூதப்பாண்டியில் இதைக் கேட்டிருந்தால், போகட்டும், நடக்கட்டும் என்று எடுத்துக்கொண்டு அந்த நிமிஷமே பந்தலுக்குக் கால் நட்டிருப்பார்கள்.

மாப்பிள்ளையின் அம்மா கையிலிருந்த மெழுகுதிரி கீழே விழுந்தது.

“மாதாவே! கல்யாணப் பொண்ணைப் பாத்துப் பொணம்ன்றாரே! டேய் இஞ்ஞாசி, வேணான்டா இந்தச் சம்மந்தம், கீழ எறங்குடா!”

இஞ்ஞாசியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அவள் படிப்பக்கம் திரும்பிவிட்டாள்.

வாத்தியாருக்கு விஷயம் புரிந்தது. வந்த காரியம் தானாகவே முடிந்துவிட்டது. இனி வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும், தங்கச்சியை ஊருக்குக் கூட்டிப் போய்விடலாம். சத்தியபாய் கெஞ்சவில்லை. காலிச் செம்பைப் பிடித்தபடி தரையைப் பார்த்து நின்றாள்.

“அம்மா, நில்லுங்க!” பள்ளிக்கூடத்தில் மக்குப் பையனை அதட்டுகிற அதே குரல். “எங்க ஊருல செத்த ஆள மரியாதையா பேரு சொல்லித்தான் கூப்பிடுவோம். உசிரோட இருக்குற, நமக்கு வேண்டியவளத்தான் சவம்னு சொல்லுவோம். இதுகூடத் தெரியாம உங்களுக்கு என்னத்துக்கு இவ்வளவு பெரிய பட்டணம்? தாலி கெட்டச் சொல்லுங்க, நேரமாவுது.”

சத்தியபாய் வாசலிலேயே உட்கார்ந்து, வாய்விட்டு அழுதாள்.

இஞ்ஞாசியைக் கட்டுவேன் என்று அவள் சொன்ன நாளிலிருந்து, அண்ணன் அவளைச் சத்தியபாய் என்று பேர் சொல்லித்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.