நாக்கு மன்னரின் தீர்ப்பு

"ரெண்டு பாட்டிலையும் பக்கத்துல பக்கத்துல வைங்க. அப்பத்தான் உங்க வண்டவாளம் தெரியும்," என்றார் நாக்கு மன்னர்.

பத்திரிகையில் ஒயின் பற்றி எழுதுகிறவர். ஒரு மிடறு குடித்தால் போதும், எந்த நாட்டுத் திராட்சை, எந்த வருடத்து அறுவடை என்று புட்டுப் புட்டு வைத்துவிடுவார் என்று பேர். அந்தப் பட்டத்தைக் கொடுத்தது யார் என்று கேட்டால், 'வாசகர்கள்' என்று அவரே அடக்கத்தோடு சொல்வார். உங்கள் ஒயினைச் சுவைக்க வருகிறேன் என்று அவராகவேதான் சொல்லி அனுப்பியிருந்தார். வேண்டாம் என்று எந்தத் திராட்சைத் தோட்டக்காரரால் சொல்ல முடியும்?

இந்தத் தோட்டக்காரரும் அவர் சொன்னபடியே வைத்தார். டெம்ப்ரானிலோ என்ற ஸ்பெயின் திராட்சையை இந்த மண்ணில் நட்டு, ஏழு வருடம் பெற்ற பிள்ளை மாதிரி வளர்த்து, மரப் பீப்பாயில் ஊறவைத்து எடுத்த ஒயின் மேசை மேல் இருந்தது. அதன் பக்கத்தில், ஒத்துப்பார்ப்பதற்காக மன்னர் கடையில் வாங்கித் துண்டில் சுற்றிக் கொண்டுவந்த ஸ்பெயின் பாட்டில்.

"என்னங்க, இவரு வாயிலேருந்து ஒரு வார்த்தை ஏடாகூடமா வந்துட்டா நம்ம கதை கந்தல்தானே?" மனைவி காதோரம் கிசுகிசுத்தாள்.

"சும்மா இரு. நம்ம பொழப்பே இப்ப அந்த நாக்கு நுனியிலதான் இருக்கு."

மன்னர் முதலில் தோட்டக்காரரின் ஒயினை எடுத்தார். கோப்பையைச் சுழற்றினார். மூக்கை உள்ளே விட்டார். திரும்ப வெளியே வருமா என்று பயப்படுகிற அளவுக்கு விட்டார். ஒரு வாய் உறிஞ்சிக் கொப்பளித்து, கீழே வைத்திருந்த வாளியில் துப்பினார். நல்லதோ கெட்டதோ, துப்புவதுதான் அந்தத் தொழிலில் மரியாதையாம்.

"ம்ஹூம். செருப்பு வாடை அடிக்குது."

"செருப்பா சார்?"

"மழையில நனைஞ்ச செருப்பு."

அடுத்து ஸ்பெயின் பாட்டில். லேபிளை ஒருமுறை ஆசையாகத் தடவிவிட்டு ஊற்றினார். உறிஞ்சினார். கண்ணை மூடினார். துப்ப மறந்து விழுங்கியே விட்டார்.

"அடடா! பதப்படுத்தின தோல் வாசனை எப்படி எழும்பி வருது பாருங்க! இதுதான் தரம்."

"செருப்பும் தோல்தானே சார்?" மனைவி கேட்டே விட்டாள். தோட்டக்காரர் அவள் காலை மிதித்தார்.

"அது செருப்பும்மா. இது தோல். வித்தியாசம் புரியறதுக்கு நாக்கு வேணும்."

தோட்டக்காரர் குறுக்கே புகுந்தார். "ரெண்டுக்கும் ஒத்துமை ஏதாவது... ஒரே திராட்சைதானே சார்?"

"ஒத்துமையா? மலைக்கும் மடுவுக்கும் என்னய்யா ஒத்துமை? இந்த மண்ணுக்கு இந்தத் திராட்சை ஆகாதுன்னு நாளைக்கே எழுதப்போறேன். மனசுல வச்சுக்காதீங்க. நான் உண்மையைத்தான் எழுதுவேன்."

"அப்படியே எழுதிடுங்க சார்," என்றார் தோட்டக்காரர், தலையைக் குனிந்தபடி.

மிச்சமிருந்த ஸ்பெயின் ஒயினை இறுக மூடிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மன்னர் காரில் ஏறினார். கார் கண்ணுக்கு மறைந்ததும் மனைவிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஏழு வருஷ உழைப்பை நனைஞ்ச செருப்புன்னுட்டுப் போறானே, நல்லா இருப்பானா இவன்?"

தோட்டக்காரருக்கும் வலிக்கத்தான் செய்தது. கோப்பையில் மீந்திருந்த தன் ஒயினை ஒரே மடக்கில் குடித்துவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

"விடு. இவரு நாக்குக்கே தெரியலைன்னா இனி எவன் நாக்குக்கும் தெரியாது. போய்ப் பசையை எடுத்துட்டு வா; போன மாசம் நாம ஸ்பெயின் லேபிள் ஒட்டிக் கடைக்கு அனுப்பினதைத்தான் அவரு வாங்கிட்டு வந்திருக்காரு, மிச்ச பாட்டிலுக்கும் அதையே ஒட்டிருவோம்!"