பச்சைப் பசேல்

“இங்கே புல்லு போடச் சொன்னது யாரு?”

ஆய்வுக்கு வந்த மேடம் கேட்டதும் நகராட்சி இன்ஜினியர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். “நான்தான் மேடம். நீங்க வர்றீங்கன்னு...”

“நல்லா இருக்கு. கண்ணுக்குக் குளிர்ச்சி. அப்புறம் எதுக்கு சார் இதைச் சுத்தம் பண்ண எங்ககிட்ட நிதி கேக்கறீங்க?”

நிமிர்ந்த நெஞ்சு அப்படியே உள்ளே போனது.

மூடிப்போன பெயின்ட் கம்பெனியின் இடம் அது. கம்பெனிக்காரர்கள் விட்டுப்போனது ஒரு ஓட்டை ஷெட், அதில் சில டப்பாக்கள், மண்ணுக்குள் ஊறிப்போன விஷம். அந்த மண்ணை அள்ளிவிட்டு நல்ல மண் கொட்டினால் பள்ளிக்கூடம் கட்டலாம். பக்கத்துத் தெருப் பிள்ளைகள் லாரிகளுக்கு நடுவே மெயின் ரோட்டைத் தாண்டிப் படிக்கப் போக வேண்டாம். இன்ஜினியரின் மகளும் அவர்களில் ஒருத்தி. அள்ளுகிற செலவை அரசாங்கம் தரும். ஆனால் அதற்கு அதிகாரி நேரில் பார்த்து, ‘இந்த இடம் மோசம்’ என்று எழுத வேண்டும்.

பெரிய அதிகாரி வருகிறார் என்றதும் சர்வீஸ் பழக்கம் இன்ஜினியரைச் சும்மா இருக்க விடவில்லை. மதிலுக்கு வெள்ளையடித்தார். வழியில் கிடந்த கல்லுக்கெல்லாம் சுண்ணாம்பு பூசினார். இடம் முழுக்கப் புல். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டது போதாதென்று, அதன் மேல் புல்லையும் நட்டிருந்தார்.

புல் கான்ட்ராக்ட் மச்சானுக்கு. மனைவியின் தம்பி. கொடுக்காவிட்டால் வீட்டில் காபி நின்றுவிடும்.

“மேடம், இது சும்மா மேல்பூச்சு. உள்ளே பூரா விஷம்!”

“விஷத்துல புல்லு இப்படி வளருமா? எங்க ஆபீஸ் தோட்டத்துலகூட இந்தப் பச்சை இல்லை. தினம் தண்ணி ஊத்தறோம்.”

“வாசனையைப் பாருங்க மேடம். பெயின்ட் நெடி மூக்கைத் துளைக்குது!”

“கம்பெனி மூடிப் பத்து வருஷம் ஆச்சுன்னீங்க. இன்னுமா நெடி அடிக்கும்? விளையாடாதீங்க சார்.” மேடம் பேனாவை மூடினார். “ஒரு மூலையில ஒரு புல்லு கருகியிருந்தாக்கூட மண் பரிசோதனைக்கு எழுதிட்டுப் போயிருப்பேன். இதைப் பார்த்துட்டு என்னத்தை எழுத?”

இன்ஜினியர் மச்சானை ஓரமாக இழுத்தார். “டேய், ஒரு நாலு புல்லாவது வாடியிருக்கும்ல? எங்கேன்னு காட்டுடா!”

“என் வேலையில குறை சொல்ல முடியாது மாமா.”

“குறை இருந்தா சொல்லுடான்னுதானே கெஞ்சறேன்!”

“பார்த்துக்கலாம் மாமா.”

“எப்படிடா இவ்வளவு செழிப்பா வந்துச்சு?”

“எல்லாம் உங்க ஆசீர்வாதம் மாமா.”

கல்யாணமான நாளிலிருந்து இவனிடம் ஒரு கேள்விக்கு ஒரு பதில் வாங்கியதில்லை. இன்றைக்கா வாங்கிவிடப் போகிறோம் என்று இன்ஜினியர் பெருமூச்சு விட்டார்.

மேடம் ஜீப்பை நோக்கி நடந்தார். முதுகில் பையோடு மகள் ரோட்டோரம் நின்று, லாரி போவதற்காகக் காத்திருப்பது இன்ஜினியரின் கண்ணுக்குள் வந்து போனது. மானம் போனால் போகட்டும் என்று பேன்ட்டோடு மண்டியிட்டார்.

“மேடம்! அடி மண்ணையாவது ஒரு தடவை பாருங்க!”

இரண்டு கையாலும் புல்லைப் பிடித்து முழு பலத்தோடு இழுத்தார். அது பாயைச் சுருட்டுகிற மாதிரி சுலபமாக வந்துவிட, அவர் மல்லாந்து விழுந்தார். எழுந்து, வழிந்த வேர்வையைத் துடைத்துக்கொண்டார்.

மேடம் வாயைப் பொத்திக்கொண்டார். டிரைவர் பொத்தாமலே சிரித்தார்.

“என்ன மேடம்?”

“உங்க மூஞ்சி சார்... கிளி மாதிரி இருக்கு.”

இன்ஜினியர் உள்ளங்கைகளைப் பார்த்தார். அப்புறம் மச்சானைப் பார்த்தார். மச்சான் ஷெட்டைப் பார்த்தான்.

“டேய், ஜென்மத்துல ஒரு தடவையாவது நேராப் பதில் சொல்லுடா. இந்தப் புல்லை என்ன பண்ணித் தொலைச்சே?”

மச்சான் தலையைச் சொறிந்தான். “மூணு தடவை நட்டேன் மாமா, மூணு தடவையும் கருகிப் போச்சு. திட்டுவீங்களேன்னு, ஷெட்ல மூடி திறக்காம கிடந்த பச்சை பெயின்ட்டை எடுத்து நேத்து நான்தான் அடிச்சேன்.”

மேடம் மூடிய பேனாவைத் திறந்தார். “தம்பி, அதையே இன்னொரு தடவை மெதுவாச் சொல்லுங்க. எழுதிக்கறேன்.”