தைக்கு இன்னும் நாலு மாதம்

"நான் பாக்க மாட்டேன். நீயே போயித் தெறந்துவிடு" என்று சாவியை மனைவி அக்கம்மாளிடம் கொடுத்துவிட்டு, சோணை மேட்டுப் பாறையில் ஏறி முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டார்.

பிரான்மலைச் சரிவில், திராட்சைக் கொடிகளுக்கு நடுவே நின்ற ஓட்டுக் கட்டடத்தின் வாசலில் மதுவிலக்குப் போலீசார் மூன்று பேர். யாரோ எழுதிப்போட்ட மொட்டைக் கடிதாசி அவர்களைக் கூட்டி வந்திருந்தது.

சோணை சைகோனில் ஒரு பிரெஞ்சுத் துரையிடம் வேலைக்குச் சேர்ந்தவர். துரையோடு அவர் ஊர் மலைக்கே போய், பதினொரு வருடம் ஒயின் பக்குவம் படித்துக்கொண்டு திரும்பியவர்.

எழுபத்தொன்றில் மதுவிலக்கு நீங்கியதும் லைசென்ஸ் வாங்கினார். பன்னீர் திராட்சையைப் பிழிந்து நொதிக்கவிட்டு, கானாடுகாத்தானில் ஒரு பெரிய வீட்டைப் பூட்டப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டு வாங்கிவந்த ரங்கூன் ஜாடிகளில் ஊற்றி, மூடிக்கு மெழுகு வைத்தார்.

மூன்று வருடம் தொடக்கூடாது. துரையின் மலையில் அதுதான் முறை.

இந்த ஆவணியில் மதுவிலக்கு திரும்ப வந்துவிட்டது. சரக்கு இருந்தால் ஒப்படைக்கச் சொன்னார்கள். சோணை ஒப்படைக்கவில்லை. தை பிறந்தால் மூன்று வருடம். முதல் புட்டி உங்களுக்குத்தான் என்று துரைக்கு எழுதியும் போட்டுவிட்டார்.

"மூணு வருசமா ஒரு சொட்டு நாக்குல வைக்காம சரக்குக்குக் காவல் காத்த ஆள இப்பத்தான் பாக்குறேன்" என்றார் ஏட்டு வீரையா. கூட வந்தவர் சிரித்தார்.

அக்கம்மாள் கதவைத் திறந்தாள்.

முதல் ஜாடியின் மெழுகைக் கத்தியால் கீறியதும் சப்-இன்ஸ்பெக்டர் அபூபக்கர் குனிந்தார். சட்டென்று நிமிர்ந்தார். இன்னொரு ஜாடியைத் திறக்கச் சொன்னார். அப்புறம் இன்னொன்று.

ஏட்டையும் மற்றவரையும் வெளியே போகச் சொன்னார்.

"நான் குடிப் பக்கமே தலவச்சுப் படுத்ததில்லம்மா. ஆனா காடி வாடை எனக்குத் தெரியும். இது பூராம் புளிச்சுக் காடியாப் போச்சு. எங்க மார்க்கத்துலயே இதுக்குத் தடையில்ல, சர்க்கார்லயா இருக்கப்போகுது? இதுக்குக் கேசே கெடையாது."

அக்கம்மாள் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"ஒயின்னே எழுதிக்கிருங்கய்யா."

மெழுகு வைத்த முதல் வாரம் ஜாடிக்குள் உஸ்ஸென்று சத்தம் கேட்டது. மூச்சு முட்டி ஜாடி வெடித்துவிடுமோ என்று பயந்துபோனாள். ஊறுகாய் என்றால் திறந்து கிளறி, வேறு துணியில் வேடு கட்ட வேண்டும். இல்லாவிட்டால் பூசணம் பிடிக்கும். அவளுக்குத் தெரிந்த பக்குவம் அது.

சோணை கம்பத்துக்குக் கொடி வாங்கப் போன நாளிலெல்லாம் மெழுகை எடுத்து, மரக்கரண்டியால் கிளறி, காற்றாட விட்டு, மெழுகைப் பழையபடி உருக்கி ஒட்டினாள். ஒரு ஜாடியையும் விடவில்லை.

போன பங்குனியில்தான் அந்தப் புளிப்பு மூக்கில் ஏறியது.

"கேசுன்னு எழுதுனா அவர் கோர்ட்டுக்கு வரணும்மா."

"வருவாக."

"அபராதம் போடுவாக."

"போடட்டும்யா. சர்க்கார் கொட்டிருச்சுன்னா தாங்கிக்கிருவாக. கெட்டுப்போச்சுன்னா தாங்க மாட்டாக."

அபூபக்கர் பாறைப் பக்கம் பார்த்தார். அந்த முதுகு அசையவில்லை. காற்று மலையிலிருந்து கீழே இறங்கிக்கொண்டிருந்தது. இங்கிருந்து எந்த வாடையும் அங்கே போகாது.

பேனாவைத் திறந்தார். கைப்பற்றல் மகஜரில் 'சிவப்பு ஒயின்' என்று எழுதினார்.

ஒவ்வொரு ஜாடியாகச் சரித்தார்கள். கொடிகளின் தூர்களைச் சுற்றிக்கொண்டு சரிவில் சிவப்பாக ஓடியது. வீரையா மூக்கைச் சுளித்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். சப்-இன்ஸ்பெக்டர் ஒரு பார்வை பார்த்ததும் அடக்கிக்கொண்டார்.

மண் எல்லாவற்றையும் உறிஞ்சிய பிறகுதான் சோணை இறங்கி வந்தார். ஜீப்பில் ஏறப்போன அபூபக்கரை மறித்துக்கொண்டு நின்றார்.

"எப்பிடிங்கய்யா இருந்துச்சு?"

அபூபக்கர் தொப்பியைக் கழற்றித் திரும்பப் போட்டுக்கொண்டார்.

"என்னையப் போயிக் கேக்குறீகளே. மணம் ஆளத் தூக்கிருச்சுய்யா."

சோணையின் கண் நிறைந்துவிட்டது. தலையை ஆட்டிக்கொண்டே நின்றார்.

ஜீப்பின் புழுதி அடங்கியது.

"எழுதிப்போட்ட பய வெளங்கவே மாட்டான்" என்றார்.

"ஆமா" என்றாள் அக்கம்மாள்.

அவர் அங்குட்டும் இங்குட்டும் பார்த்துவிட்டு அவள் பக்கத்தில் வந்தார்.

"எல்லாத்தையும் குடுத்துருவேன்னு நெனச்சியாக்கும்? போலீசு வருதுன்னு தலையாரி வந்து சொன்னப்ப நீ தண்ணிக்குப் போயிருந்த. ஒரு ஜாடியத் தூக்கி வைக்கப்படப்புக்குள்ள வச்சுட்டேன். தைக்கு இன்னும் நாலே மாசந்தான்."

இன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தார்.

பதினொரு வருடம் அவளுடைய கடிதங்களைப் படித்தவர், எழுத்தை அடையாளம் கண்டுகொள்வார் என்றுதான், போன வாரம் அந்த மொட்டைக் கடிதாசி முழுவதையும் இடது கையால் எழுதியிருந்தாள் அக்கம்மாள்.

இன்னொன்று எழுத அவளுக்குக் கை எழவில்லை.